குழந்தையின் போக்கிலேயே கற்க விடுவது எப்படி?

மூன்று வயதுக் குழந்தை ஒன்று சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முயன்றுகொண்டிருக்கிறது. பொத்தான் பாதி நுழைந்து நழுவிவிட, குழந்தை துணியை இன்னும் இறுக்கிப் பிடித்து, நாக்கு நுனியை உதட்டோரம் துருத்தியபடி மறுபடியும் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்கும் பெரியவரின் கை தன்னை அறியாமல் நீளுவது இந்த நேரத்தில்தான். அந்தக் கையைக் கட்டிவைத்துக்கொள்ளப் பழகுவதே இம்முறையின் பெரும்பகுதி என்பேன். பொம்மைகளும் அலமாரிகளும் அதற்குப் பிறகுதான்.

முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், குழந்தை தானாக என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனித்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பொருளின் பெயரை எழுதுவதைவிடச் செயலை எழுதுவதுதான் பயன் தரும். "கார் பொம்மை பிடிக்கிறது" என்று எழுதினால் அடுத்த நாள் இன்னொரு கார் வாங்கத்தான் தோன்றும். "காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றுகிறது" என்று எழுதினால், சுழல்வதுதான் குழந்தையை ஈர்க்கிறது என்பது தெரிந்து, திருகு மூடி போட்ட டப்பாவையும் பம்பரத்தையும் அதன் கண்ணில் படும்படி வைக்கலாம். ஊற்றுவது, ஒளிப்பது, வரிசையாக அடுக்குவது, நிரப்பிவிட்டுக் கொட்டுவது என இந்த வயதில் ஒரே செயல் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வருவதைச் சில நாட்களிலேயே காண்பீர்கள்.

அப்படித் திரும்பச் செய்வதைப் பொழுதுபோக்கு என்று நினைத்து இடையில் நிறுத்திவிடக் கூடாது. 1907-இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் தமது முதல் பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளிலிருந்து எடுத்தும் பொருத்தியும் நாற்பது தடவைக்கு மேல் செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். சுற்றிலும் மற்ற குழந்தைகளைப் பாடவைத்தும், நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தும்கூட அவள் கவனம் கலையவில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டிய நேரமாகிவிட்டாலும், அந்தச் சுற்று முடியும்வரை ஒரு நிமிடம் காத்திருந்து கூப்பிடுவதில் நமக்கு எதுவும் குறைந்துவிடாது.

பொருட்களைக் குறைத்து வையுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், 16 பொம்மைகள் இருந்தபோது விளையாடியதைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் செலவிட்டு, அதைப் பல விதங்களில் பயன்படுத்தினார்கள். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு அலமாரித் தட்டும் அதில் ஐந்தாறு பொருட்களும் போதும். மற்றவற்றை மூட்டை கட்டி வைத்து, குறிப்பேட்டைப் பார்த்து அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிய பொருளைக் கொடுத்தவுடன் அதன் பயனை விளக்கும் ஆசையை அடக்குவதுதான் கடினம் (ஆசிரியர்களாக இருக்கும் பெற்றோருக்கு இரட்டிப்புக் கடினம்). 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பல மறைவான வேலைப்பாடுகள் கொண்ட பொம்மையைப் பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒன்றை மட்டும் காட்டிக் கற்பிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அதையே செய்துகொண்டிருக்க, யதேச்சையாக அதைக் கண்டவர்கள் மற்ற வேலைப்பாடுகளையும் தேடினார்கள். ஆகவே பொருளை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். கத்தரிக்கோல் பிடிப்பதுபோல் காட்டித்தான் ஆக வேண்டியவற்றை, அதிகம் பேசாமல் மெதுவாக ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

பேச்சிலும் இதே கவனம் வேண்டும். "இது என்ன நிறம்?" என்று விடை தெரிந்த கேள்விகளைக் கேட்பதைவிட, "சின்னக் கிண்ணத்தில் ஊற்றியதும் தண்ணீர் வழிந்துவிட்டதே" என்று நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அடுத்த வாக்கியம் குழந்தையிடமிருந்து வரட்டும். பரிசு காட்டி ஊக்குவிப்பதும் வேண்டாம். படம் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனதை 1973-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று காட்டியது.

உதவவே கூடாதா என்றால், உதவலாம்; மிகச் சிறிய உதவியிலிருந்து தொடங்க வேண்டும். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். குழந்தை இன்னும் முயன்றுகொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தாலோ, உங்கள் முகத்தைப் பார்த்தாலோ, பொத்தானைத் தொடாமல் துணியின் ஓரத்தை மட்டும் இழுத்துப் பிடியுங்கள். நுழைக்கும் வேலை குழந்தையுடையதாகவே இருக்கட்டும்.

தண்ணீர் சிந்தும், மாவு பறக்கும். கீழே ஒரு அகலத் தட்டும் பக்கத்தில் ஒரு துடைக்கும் துணியும் வைத்துவிட்டால், துடைப்பதும் விளையாட்டில் சேர்ந்துவிடும். அடுப்பு, மருந்து, தூங்கும் நேரம், பிறரை அடிப்பது ஆகியவற்றில் முடிவு பெரியவருடையதே. அவற்றைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். "தூங்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லக் குழந்தைக்கு உரிமை வந்துவிடும். "தூங்கும் நேரம் வந்துவிட்டது, நீலப் போர்வையா, பச்சைப் போர்வையா?" என்று கேளுங்கள், எதைச் சொன்னாலும் நமக்குச் சம்மதம்தானே.