கிரிமியப் போர்ப் பதக்கம் யாருடையது? தேடத் தொடங்குபவர்களுக்கு

1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி, சார்டினியா (இன்றைய இத்தாலியில் இருந்த ஓர் அரசு) நான்கும் ரஷ்யாவுக்கு எதிராக ஓரணியில் நின்றன. ஒரு நாட்டின் பதக்கம் கூட்டாளி நாட்டு வீரர்களுக்கும் போனது. அதனால் கையில் இருப்பது எந்த நாட்டுப் பதக்கம் என்பதும், அதை அணிந்தவர் எந்த நாட்டவர் என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

படி 1: பதக்கத்தை அடையாளம் காணுங்கள்.
வெள்ளி வட்டில் விக்டோரியா ராணியின் தலையும் 1854 என்ற ஆண்டும், பின்பக்கம் ரோமானிய வீரனும் அவனுக்கு முடிசூட்டும் சிறகுள்ள தேவதையும் இருந்தால் அது பிரிட்டனின் பதக்கம். ரிப்பன் வெளிர் நீலம், மஞ்சள் ஓரம். சுல்தானின் முத்திரைக் கையெழுத்தும், பின்பக்கம் பீரங்கியும் நான்கு கொடிகளும் இருந்தால் துருக்கியுடையது.

துருக்கிப் பதக்கம்தான் புதியவர்களைக் குழப்பும். பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், சார்டினியர் என்று மூவருக்கும் மூன்று வகை அடித்தார்கள். கொடிகளின் வரிசை மாறும், கீழே உள்ள எழுத்தும் மாறும்: பிரிட்டிஷ் வகையில் ‘கிரிமியா’, சார்டினிய வகையில் ‘லா கிரிமியா’, பிரெஞ்சு வகையில் ‘லா கிரிமே’. ஆனால் பிரிட்டிஷ் வகையில் பெரும்பகுதி கப்பலோடு கடலில் மூழ்கிப்போனதால், பிரிட்டிஷ் வீரர்கள் பலருக்குச் சார்டினிய வகையே கிடைத்தது. ‘லா கிரிமியா’ என்று பார்த்ததும் இத்தாலியப் பக்கம் தேடப் போய்விடாதீர்கள்.

படி 2: ரிப்பனில் உள்ள பட்டைகளைப் படியுங்கள்.
பட்டை என்பது ரிப்பனில் குறுக்கே மாட்டிய, போர்முனையின் பெயர் பொறித்த உலோகத் துண்டு. பிரிட்டிஷ் பதக்கத்துக்கு ஆல்மா, பாலக்லாவா, இன்கர்மன், செபாஸ்டபோல் என்று போர்முனைப் பட்டைகள் உண்டு. அசோவ் பட்டை அசோவ் கடலில் இயங்கிய கடற்படைக்கு. எல்லாப் பட்டைகளும் ஓக் இலை வடிவில் அழகாக இருக்கும். டிராக்டிர், மலகோஃப் போன்ற பெயர்கள் இருந்தால் அவை பிரிட்டிஷ் அரசு தந்தவை அல்ல. பிரெஞ்சு வீரர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டவை. அணிந்தவர் பிரெஞ்சுக்காரர் என்பதற்கு இது நல்ல துப்பு.

படி 3: விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.
பிரிட்டிஷ் பதக்கங்கள் பெயரில்லாமல்தான் வந்தன. திருப்பி அனுப்பினால் அரசே இலவசமாகப் பெயர் பதித்துத் தந்தது. அந்த எழுத்துகள் சதுரமாக, அச்சுக்குத்தியதுபோல் இருக்கும். படைப்பிரிவிலோ கடையிலோ செதுக்கியவையும் உண்மையானவைதான், ஆனால் பின்னாளில் யாரும் செதுக்கியிருக்கலாம். துருக்கிப் பதக்கமும் பெயரில்லாமல்தான் வந்தது. அதில் அரசு பெயர் பதித்துத் தரவில்லை.

படி 4: பெயர் கிடைத்ததா? ஏட்டுக்குப் போங்கள்.
லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 100 (போர் அலுவலக ஆவணங்களின் குறியீடு) என்ற வரிசையில் தரைப்படைப் பதக்கப் பட்டியல்கள் உள்ளன. படைப்பிரிவு வாரியாக இருக்கும். யாருக்கு எந்தப் பட்டை என்று தெரியும். கடற்படைக்கு ஏ.டி.எம். 171 என்ற வரிசை. அப்புறம் டபிள்யூ.ஓ. 12 வரிசையின் ஆள்வரிசை ஏடுகளில் அவர் அந்தக் காலாண்டில் எங்கே இருந்தார், மருத்துவமனையிலா, முகாமிலா என்று பாருங்கள். ஓய்வூதியம் பெற்றவர் என்றால் டபிள்யூ.ஓ. 97-இல் உடல் அடையாளமும் பிறந்த ஊரும்கூடக் கிடைக்கலாம். பிரெஞ்சு வீரர் என்றால் பாரிஸ் அருகே வென்சென்னில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகம்.

விற்பனைக்கு வருவதை வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பாலக்லாவா பட்டை இருந்தாலே 1854 அக்டோபர் 25-இல் ரஷ்யப் பீரங்கிகள் மீது பாய்ந்த பிரிட்டிஷ் குதிரைப்படையான லைட் பிரிகேடில் இருந்தவர் என்று விலையேற்றுவார்கள். அந்தப் பட்டை 93-ஆம் ஹைலாண்டர் காலாட்படைக்கும் கிடைத்தது. லைட் பிரிகேட் வீரர் என்றால், பெயர் அதன் குதிரைப்படைப் பிரிவுகளான 4 அல்லது 13-ஆம் லைட் டிராகூன், 8 அல்லது 11-ஆம் ஹுஸார், 17-ஆம் லான்சர் பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தாலும் அன்று குதிரையில் ஏறினாரா, முகாமில் நோயோடு கிடந்தாரா என்பதற்கு வேறு சான்று கேளுங்கள்.