பழைய மரச்சாமானுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் செய்யக்கூடாதவை

யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய நாற்காலி வீட்டுக்கு வந்ததுமே கை பரபரக்கும், உடனே பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுவோம். பாதி வேலை கெடுவது அங்கேதான். ஆடுகிற காலைப் பெயின்ட் நிறுத்தாது, உளுத்த மரத்தைக் காப்பாற்றாது.

வாங்கும்போதே கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்து, தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. மருந்து அடித்து, தூள் விழுவது நின்ற பிறகுதான் மற்றதெல்லாம். தண்ணீர் பட்டு ஊதிப்போன பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் வாங்கவே வேண்டாம், அது பழைய நிலைக்கு வராது.

ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஆணி மரத்தைப் பிளந்துவிடும். கொஞ்ச நாளில் மறுபடி ஆடும், அப்புறம் கழற்றிச் சரிசெய்வதும் பெரும்பாடு. மூட்டு ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே இருக்கும் பசை காய்ந்து விட்டுப்போனதுதான். அதன் மேலேயே புதுப் பசையை ஊற்றினால் பிடிக்காது. வெள்ளை மரப்பசை மரத்துக்குள் ஊறினால்தான் பிடிக்கும். மூட்டை மெதுவாகக் கழற்றுங்கள், மரம் தெரியும்வரை பழைய பசையைச் சுரண்டுங்கள், புதிதாகப் பூசிச் சேர்த்து, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அதே இறுக்கம் கிடைக்கும். கீலில் ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றுகிறதா? மருந்தைக் கிள்ளி எறிந்த தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டையில் இறுக்குங்கள். காய்ந்ததும் அதே ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும்.

உப்புத்தாளை எடுக்கும் முன் சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். இல்லையென்றால் கைப்பிடியில் படிந்த பிசுக்கை மரத்துக்குள்ளேயே தேய்த்து இறக்கிவிடுவோம். 120 நம்பர் தாளில் ஆரம்பித்து, அதைவிட நைசான 220-இல் முடித்தால் போதும், பளபளப்பு போகவேண்டும், அவ்வளவுதான். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பவே கூடாது. முகக்கவசம் போட்டு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது.

பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமரை மிச்சம் பிடிக்காதீர்கள். பளபளப்பான எண்ணெய்ப் பெயின்ட் மேல் நேரடியாக அடித்த வாட்டர் பெயின்ட் நகம் பட்டாலே உரியும். மகோகனி மாதிரி செந்நிற மரத்தில் வெள்ளை அடித்தால், எத்தனை கோட் போட்டாலும் மரத்தின் சாயம் மேலே கசியும். அரக்கு கலந்த பிரைமர்தான் அதை அடைக்கும்.

பெயின்டை மெல்லிசாக இரண்டு மூன்று கோட் அடியுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்றதும் பூச்சாடியைத் தூக்கி வைத்துவிடாதீர்கள், எனாமல் பெயின்ட் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும்.

பெயின்டுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒன்று. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்து, விறைக்கும்வரை காயப்போட்ட பிறகு எறியுங்கள்.