பெயர்கள் ஓடி முடிந்தபின்: பழைய வீடியோ கேசட்டிலிருந்து தயாரிப்பு நிறுவனச் சின்னங்களை மீட்பது எப்படி

தொடர் முடிந்து, நடித்தவர் பெயர்களெல்லாம் ஓடி மறைந்தபின், மூன்று நான்கு நொடிகளுக்கு ஒரு சின்னம் தோன்றும். கூடவே ஒரு சிறு இசையோ ஒரு குரலோ ஒலிக்கும். அது தொடரைத் தயாரித்த நிறுவனத்தின் முத்திரை. அமெரிக்காவிலிருந்து பெரியப்பா அனுப்பிய கேசட்டுகளை மயிலாடுதுறை வீட்டுக் கூடத்தில் போட்டுப் பார்த்த காலத்தில், எனக்கு நகைச்சுவைத் தொடர்களின் ஆங்கிலம் பாதிகூடப் புரிந்ததில்லை. ஆனால், கடைசியில் வளையத்துக்குள்ளிருந்து ஒரேயொரு முறை கத்திவிட்டுப் போகும் எம்.டி.எம். என்ற தயாரிப்பு நிறுவனத்தின் பூனைக்குட்டிக்காக நான் காத்திருப்பேன். அத்தை சமையலறையிலிருந்தே, "முடிஞ்சிருச்சுல்ல தம்பி, நிப்பாட்டு" என்பார். டிவியிலிருந்து பதிவு செய்யும்போதும் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நிறுத்தினார்கள். அதனால் அந்த நொடிகள் நிற்காமல் பதிவாகியிருக்கும் கேசட் கிடைப்பதே இன்று அரிது.

தொடர் பிழைத்தாலும் சின்னம் பிழைப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது, மறுஒளிபரப்புப் பிரதிகளிலிருந்து பழைய சின்னத்தை எடுத்துவிட்டு, வாங்கியவர் தம் சின்னத்தை ஒட்டுவது வழக்கம். 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யைத் தந்த டெசிலு நிறுவனம் 1967-இல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பாரமவுண்ட் டெலிவிஷன் ஆயிற்று. டெசிலு தயாரித்த வேறு தொடர்களின் மறுஒளிபரப்பில் அதன் பெயர் இருந்த இடத்தில் பாரமவுண்டின் மலைச் சின்னம் வந்து நின்றது. ஒளிபரப்பான நாளிலேயே ஒருவர் வீட்டில் பதிவு செய்த கேசட் ஒன்றுதான் முதலில் இருந்த வடிவத்துக்குச் சாட்சி.

கேசட்டுகளைத் திரட்டுவதை மார்கழியிலேயே தொடங்குங்கள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து முதலில் இறங்குவதும், குப்பைக்கு முதலில் போவதும் இவைதான். கல்யாணக் கேசட்டை எடுத்துவைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உறவினரிடம் கேட்கும்போது, "டிவியில் எடுத்த கேசட் இருக்கிறதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கேசட்டின் முதுகுப் பக்கத்தில் இடது ஓரத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவது. அது உடைந்தால் தவறியும் அதன்மேல் வேறொன்று பதிவாகாது.

டெல்டாவில் கேசட்டுக்கு எதிரி ஈரம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பரணில் கிடந்த கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கும். கேசட்டின் சிறு கண்ணாடி வழியே டார்ச் அடித்து, நாடாச் சுற்றின் விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. வெண்புள்ளிகளோ சிலந்தி இழைபோன்ற படலமோ தெரிந்தால், அதை ஒரு பையில் கட்டித் தனியே வையுங்கள். அதை டெக்கில் (கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவியில்) போட்டால் பூஞ்சை டெக்குக்கும், டெக்கிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் போகும். 2018 நவம்பரில் கஜா புயலின்போது வேதாரண்யம் பக்கத்து வீடுகளில் நனைந்த கேசட்டுகளைப் பலர் வெயிலில் காயவைத்தார்கள். அது கூடாது, சூட்டில் நாடா சுருங்கி நெளிந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் வைத்துவிட்டு, அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே வழி. நல்ல கேசட்டுகளையும் மாசி முதல் வைகாசிக்குள் ஓட்டி முடிப்பது உத்தமம்.

அடுத்தது டெக். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு புது டெக் என்பதே இல்லாமல் போனதால், பழையதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஓட்டுவதற்குமுன், நாடாவைப் படிக்கும் பாகமான அதன் ஹெட்டைச் சுத்தம் செய்வதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு மேல்மூடியைக் கழற்றினால், 62 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளிநிற உருளை ஒன்று சற்றே சாய்ந்து நிற்பது தெரியும். நம் ஊர் முறையில் படம் ஓடும்போது அது நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். அதன் விளிம்பில் கடுகைவிடச் சிறிதாகப் பதிந்திருப்பவைதான் ஹெட்டுகள். நூல் பிரியாத மெல்லிய தோல்துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, உருளையின் பக்கவாட்டில் அசையாமல் வைத்துக்கொண்டு, மறுகையால் உருளையின் உச்சியைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். சுழல வேண்டியது உருளை, துணியன்று. துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் பெயர்ந்துவிடும், காதுகுடையும் பஞ்சுக்குச்சியும் அப்படியே. துணியில் பழுப்பு நிறம் ஒட்டுவது நின்றால் வேலை முடிந்தது. பத்து நிமிடம் உலரவிட்ட பிறகு இணைப்புக் கொடுங்கள்.

வெளிநாட்டுக் கேசட் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. நம்முடையது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 625 கோடுகள். அமெரிக்காவினுடையது என்.டி.எஸ்.சி., 525 கோடுகள். அந்தக் கேசட்டை இங்குள்ள சாதாரண டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகி உருண்டோடும், அல்லது வரவே வராது. கேசட் கெட்டுவிட்டது என்று அதைத் தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மல்டி சிஸ்டம் டெக் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடைக்கும், அதைத் தேடுங்கள். அமெரிக்காவில் இருந்தவர்கள் நாடாவை மிச்சப்படுத்த, இரண்டு மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் பதிவாகும் மெதுவேகத்தில் எடுத்திருப்பார்கள். அப்போது படத்தின் குறுக்கே கோடுகள் ஓடும். டிராக்கிங் பொத்தானைப் பொறுமையாகத் திருகினால் அவை பெரும்பாலும் அடங்கும்.

கணினியில் ஏற்றுவது எளிய வேலை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் செருகி, பால் கேசட்டுக்கு 720க்கு 576, அமெரிக்கக் கேசட்டுக்கு 720க்கு 480 என்று அளவை வைத்து, தரம் குறையாத வடிவில் பதிவு செய்யுங்கள். படத்தை அகலத் திரைக்கு இழுத்து நீட்டாமல் 4:3 வடிவிலேயே விடுங்கள்.

எங்கே தொடங்கி எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முதல்முறை ஐந்து கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்த குறுந்தட்டுகளில் தொடர்கள் சுத்தமாக இருந்தன, பெயர்களும் விளம்பரங்களும் சின்னங்களும் 'தேவையில்லாதவை' என்று வெட்டப்பட்டிருந்தன. கேசட்டுகளை நான் திரும்ப வாங்கிக்கொண்டதால்தான் பூனை பிழைத்தது. எனவே நாடாவின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை, வெற்றுத்திரை உட்பட, முழுவதையும் பதிவு செய்யுங்கள். சின்னத்துக்கு முன்பின் வரும் விளம்பரங்களையும் அறிவிப்புகளையும் வைத்துத்தான் அது ஒளிபரப்பான ஆண்டைக் கணிக்க முடியும். சின்னத்தை நிறுத்திப் பார்க்க டெக்கில் பாஸ் போடாதீர்கள், ஹெட் நாடாவின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். கணினியில் நிறுத்திப் பாருங்கள். 1997-இல் 'தர்மா அண்ட் கிரெக்' தொடரில் தயாரிப்பாளர் சக் லாரி தம் சின்னமாகத் தொடங்கிய எழுத்து அட்டைகளை நிறுத்தினால்தான் படிக்கவே முடியும், அவை கண்ணிமைக்கும் நேரமே திரையில் நிற்கின்றன.

ஒரு நிறுவனத்தின் சின்னம் ஒன்று கிடைத்ததும் போதுமென்று நினைத்துவிடக் கூடாது. மேரி டைலர் மூரும் அவர் கணவர் கிராண்ட் டிங்கரும் 1969-இல் தொடங்கிய எம்.டி.எம். நிறுவனம், எம்.ஜி.எம். படநிறுவனத்தின் கர்ஜிக்கும் சிங்கத்தைப் பார்த்து விளையாட்டாகத்தான் இந்தப் பூனையை வைத்தது. ஆனால் தொடருக்குத் தொடர் அது மாறியது. காவல்துறைத் தொடரான 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' முடிவில் அதன் தலையில் போலீஸ் தொப்பி இருக்கும். 'நியூஹார்ட்' தொடரில் நாயகன் பாப் நியூஹார்ட்டே தம் குரலில் 'மியாவ்' என்பார். 1982-இல் தொடங்கிய 'ஃபேமிலி டைஸ்' முடிவில் வரும் உபு நிறுவனத்தின் கறுப்பு நாய்க்கோ குரல்தான் உயிர்: "உட்கார் உபு, உட்கார், நல்ல நாய்" என்று ஆங்கிலத்தில் சொன்னதும் ஒரு குரைப்பு. ஒலி இல்லாமல் படத்தை மட்டும் சேமிப்பது இங்கே பாதிச் சின்னத்தைத் தொலைப்பதாகும்.

தமிழ்த் தொடர்களில் 'வழங்குபவர்' என்று முன்னால் வரும் அட்டை விளம்பரதாரருடையது, தயாரிப்பாளருடையதன்று. இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த 'ரமணி vs ரமணி' போன்ற நகைச்சுவைத் தொடர்களைப் பதிவு செய்த கேசட் எங்கு கிடைத்தாலும் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் முன்பின் பகுதிகள் வெட்டப்பட்டிருப்பது சகஜம்.

கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, அலைவரிசை, தொடர், நிறுவனம், கேசட் யார் வீட்டினுடையது என்ற வரிசையில் எழுதி, இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் வையுங்கள். கேசட்டை முழுவதும் ரீவைண்ட் செய்து, புத்தகம்போல் நிற்கவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். கூரையையொட்டிய பரண் சூடேறும், தரையோரம் மழைக்காலத்தில் ஓதமேறும். பொட்டலத்தை ஒவ்வொரு தை மாதமும் மாற்றுங்கள்.