புதருக்குப் பின்னால் டி-100 எல்டி

வேர்ல்டு ஆஃப் டேங்க்ஸ் என்ற ஆன்லைன் டேங்க் சண்டை விளையாட்டில், டி-100 எல்டி என்ற லைட் டேங்கை (எடை குறைந்த, வேவு பார்க்கிற டேங்க்) எடுத்துக்கொண்டு நேராகப் போய் மோதுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதன் கவசம் அப்பளம். எதிரியைக் காட்டிக்கொடுப்பதுதான் இதற்கு முதல் வேலை. சுடுவதைப் பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புரோகோரோவ்கா மேப் வந்தால் நான் நடுச்சாலை ஓரப் புதர்களுக்குத்தான் ஓடுவேன். அங்கே போய்ச் சும்மா இருங்கள், அதுதான் கஷ்டம்! 15 மீட்டருக்குள் இருக்கும் புதர், நீங்கள் சுட்டதுமே மறைப்பைப் பெரும்பாலும் இழந்துவிடும். கை அரித்தால் ரிவர்ஸ் எடுங்கள். ஸ்கோப்பில் புதர் மறுபடி அடர்த்தியாகத் தெரிகிற தூரத்திலிருந்து சுடலாம்.

லைட் டேங்குக்கு ஒரு சலுகை உண்டு: ஓடினாலும் நின்றாலும் மறைவு ஒன்றுதான். ஆனால் எதிரி 50 மீட்டருக்குள் வந்துவிட்டால் எந்தப் புதரும் காப்பாற்றாது. 445 மீட்டர் தாண்டி யாரும் உங்களைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

எதிரி உங்களைப் பார்த்துவிட்டான் என்று சொல்லும் பல்பு தலைக்கு மேல் எரிந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள். அது எரிவதே நீங்கள் மாட்டி சுமார் 3 விநாடி கழித்துத்தான். ஆர்ட்டியை, அதாவது தூரத்திலிருந்து குண்டு போடும் பீரங்கி வண்டியை, வேட்டையாட ஆசையா? இரு பக்கமும் ஆள் குறையட்டும்.