பழைய மாருதி 800: பிளக் ஒயரைப் பிய்க்காமல் கழற்றுவது எப்படி

மழை பெய்த மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் உதறுகிறது. மிதித்தால் இழுவை இல்லை. மெக்கானிக் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு சிலிண்டர்லதான் ஓடுது சார்" என்பார். இருப்பதே மூன்று சிலிண்டர். கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். பழியெல்லாம் ஸ்பார்க் பிளக் மேல் விழும். பல நேரம் கோளாறு அதற்குக் கரண்ட் கொண்டுவரும் ஒயரில் இருக்கும்.

புது ஒயர் மாட்டுவது சின்ன வேலை. பழையதைக் கழற்றும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

முதலில் ஒயர்தான் காரணமா என்று பாருங்கள். இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில் வண்டியை ஓடவிட்டு பானட்டைத் திறந்து வையுங்கள். ரப்பர் வெடித்த ஒயராக இருந்தால் நீலப் பொறி வெளியே தாவுவது கண்ணுக்கே தெரியும். ஒயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட், அதனால் கையை உள்ளே விடாதீர்கள். வண்டி வெளியே நிற்கிற வீடு என்றால் எலிப்பல் பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். என் அனுபவத்தில் மழைக்கு அடுத்த எதிரி எலிதான்.

தேவையானவை: 10-ஆம் நம்பர் ஸ்பேனர், மாஸ்கிங் டேப், பேனா, நோஸ் பிளையர், சிலிகான் ஸ்ப்ரே, ஒரு சைக்கிள் பம்ப். புது செட்டில் நான்கு ஒயர் இருக்க வேண்டும். பிளக்குகளுக்கு மூன்று, காயிலிலிருந்து (பேட்டரி கரண்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றுவது) டிஸ்ட்ரிபியூட்டருக்கு (அதை முறைவைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது) ஒன்று.

எஞ்சின் ஆறட்டும். லேசான சூட்டில் ரப்பர் இளகிக் கொடுக்கும் என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் முதல் தடவை கை வைப்பவர் சூட்டோடு விளையாட வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி நம்பர் எழுதுங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர். மூன்றே ஒயர், இதற்கெதற்கு நம்பர் என்று தோன்றும். இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் சுற்றும் திசையில், அதன் மேல்மூடியான கேப்பில் அந்த வரிசையில்தான் ஒயர்கள் உட்கார்ந்திருக்கும். நாமோ பழக்கதோஷத்தில் 1-2-3 என்று மாட்டிவிடுவோம். வண்டி ஸ்டார்ட் ஆகாது, இல்லையென்றால் கார்புரேட்டர் வழியாக "பட் பட்" என்று திருப்பி அடிக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் போடாமல், ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் இந்தக் குழப்பமே வராது.

இனி கழற்றும் வேலை. பிளக் மேலுள்ள ரப்பர் கேப்பைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். பிளக்கைக் கழற்றும்போது அந்த மண் சிலிண்டருக்குள் விழக்கூடாது.

ஒயரைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். பெரும்பாலான செட்டுகளில் உள்ளே செம்புக் கம்பி கிடையாது, கரி ஏற்றிய நூல்தான் இருக்கும். ரேடியோவில் இரைச்சல் வராமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். இழுத்தால் நூல் உள்ளுக்குள் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. நான் முதல் தடவை வெடுக்கென்று இழுத்தேன். ஒயர் கையோடு வந்தது, ரப்பர் கேப்பும் அதற்குள் இருந்த தகரக் கிளிப்பும் பிளக்கிலேயே நின்றுவிட்டன. நோஸ் பிளையரை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க நோண்டினேன்.

பிளக்கை மூடியிருக்கும் தடித்த ரப்பரை விரல்களால் முழுதாகப் பற்றுங்கள். வலப்பக்கம் கால் சுற்று, இடப்பக்கம் கால் சுற்று என்று திருகுங்கள். பல வருடச் சூட்டில் ரப்பர் பிளக்கின் பீங்கானோடு ஒட்டிப்போயிருக்கும். முதலில் அசையவே அசையாது. நாலைந்து தடவை திருகியதும் "சொத்" என்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் கேப் தன் போக்கில் சுழலும். பிடி விட்டாயிற்று. இப்போது திருகிக்கொண்டே, பிளக் எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதே சாய்வில் வெளியே இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் பீங்கானில் விரிசல் விழும்.

அசையாத கேப்புக்கு ரப்பர் விளிம்பில் சிலிகான் ஸ்ப்ரே ஒரு சொட்டு அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்கும் மசியவில்லையா, எப்படியும் குப்பைக்குப் போகிற ஒயர்தான், ரப்பரை நீளவாக்கில் கீறிப் பிரித்துவிடலாம். கத்தி பீங்கானில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும் இதே திருகல்தான், ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் உடையக்கூடியது. இடக்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் திருகுங்கள். ஒயர் வந்ததும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலோ வெள்ளைப் பொடி படிந்திருந்தாலோ கேப்பையும் ரோட்டரையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. அதை விட்டுவிட்டு ஒயரை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் திரும்பவும் பானட்டைத் திறப்பீர்கள்.

புது ஒயர்களைப் பழையதோடு நீளம் ஒப்பிட்டு மாட்டுங்கள். பிளக்கில் "டக்" என்று உட்கார வேண்டும். சைலன்சர் மேனிஃபோல்டில் உரசாமல் பழைய கிளிப்புகளிலேயே கோத்துவிடுங்கள். பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்தால் உதறல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் முதலில் அந்த 1-3-2-ஐச் சரிபாருங்கள்.

கழற்றிய ஒயர்களில் இருப்பதிலேயே நீளமானதும் வெடிப்பில்லாததுமான ஒன்றை டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். எங்காவது நடுவழியில் எலி வேலையைக் காட்டிவிட்டால், வீடு வந்து சேர அது போதும்.