வலிப்பு உள்ள நாயோடு காரைக்குடியிலிருந்து ஃபிராங்ஃபர்ட்: முதலில் சிப், அப்புறம் ஊசி

வைரவனுக்கு வயது ஐந்து, எடை 17 கிலோ. வைரவன்பட்டிக் கோயில் பக்கம் குட்டியாகக் கிடைத்தவன், அதனால் அந்தப் பெயர். இரண்டு வருஷம் முன்பு வீட்டு வளவில் (உள்முற்றத்தில்), ஆத்தங்குடிக் கல்லின் மேல் சரிந்து விழுந்து கைகால் இழுக்க ஆரம்பித்தான். அன்றிலிருந்து காலையும் இரவும் ஃபீனோபார்பிட்டல், கூடவே பொட்டாசியம் புரோமைடு, இரண்டும் வலிப்பு மருந்துகள். எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததும், "அவனை நான் பார்த்துக்கிறேன், நீ கிளம்பு" என்றார்கள் ஆத்தா. ஆனால் இரவு மாத்திரையை மறந்துவிட்டு மறுநாள் காலை இரண்டாகக் கொடுத்துவிடுவார்கள். அதனால் கூட்டிப் போவது என்று முடிவு செய்தேன்.

டிக்கெட், விசா பற்றி எழுதப்போவதில்லை. நாய் விஷயம் மட்டும்.

முதல் படி: சிப்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாய் நுழைய, தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அந்தச் சிப் வைத்த அன்றோ, அதற்குப் பிறகோதான் போட்டிருக்க வேண்டும். வைரவனுக்கு வருஷம் தவறாமல் ஊசி போட்டிருந்தேன், புத்தகம் நிறைய ஸ்டிக்கர். ஆனால் சிப் வைத்தது கடைசி ஊசிக்குப் பத்து நாள் கழித்து. அந்த ஊசி கணக்கில் வராது என்று பின்னால்தான் தெரிந்தது. எந்தக் கிளினிக் என்று சொல்லப்போவதில்லை, கேட்காதது என் தப்பும்தான்.

திரும்ப முதலிலிருந்து. ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் பரிசோதித்தால், வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிக்கு 0.5 ஐயூ (IU என்ற அளவு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்தமாக அனுப்பக் கூடாது, சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை) பிரித்துக் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிப்போர்ட் வந்த தேதியிலிருந்து இல்லை. ஆக மொத்தம் நான்கு மாதத்துக்குக் குறையாது. ஒரு ஆறுதல்: அடுத்தடுத்த ஊசியை நாள் தவறாமல் போட்டுவந்தால் இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

கூண்டு

நீளம்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, அதோடு தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதி. அகலம்: தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம்: நிமிர்ந்து நிற்கும்போது தலை அல்லது காது நுனி, எது உயரமோ அது. பிளாஸ்டிக் கிளிப் உள்ளதை வாங்காதீர்கள், இரும்பு போல்ட்டுதான் சரி. தண்ணீர்க் கிண்ணத்தை முந்தைய நாளே உறைய வைத்தால் ஏற்றும்போது சிந்தாது. மூன்று மாதம் முன்பே கூண்டை வளவில் திறந்து போட்டுவைத்தேன், கடைசியில் பகல் தூக்கமே அதற்குள்தான்.

மாத்திரை நேரம்

எங்கள் நேரம் காலை 7, இரவு 7. கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் தள்ளினேன். ஏழாம் நாள் 10.30 ஆனது, அதாவது அங்கே 7. இதில் இன்னொரு வசதி: எங்கள் விமானம் நள்ளிரவு தாண்டி. கூண்டை ஒப்படைக்கும் நேரமும் இரவு மாத்திரை நேரமும் ஒன்றாகிவிட்டது. இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். ஒப்படைத்ததிலிருந்து அங்கே கையில் வாங்கும்வரை பதினாறு மணி நேரம் ஆனது, காலை மாத்திரை நாலு மணி நேரம் தாமதம். ஃபீனோபார்பிட்டல் உடம்பில் மெதுவாகவே குறையும் என்பதால் பரவாயில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உங்கள் டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

பயணத்துக்கென்று தனியாக மயக்க மருந்து கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் குறையும், மூச்சுக்கும் ஆபத்து, விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். கவுண்டரில் மாத்திரை அட்டையைப் பார்த்து "தூக்க மாத்திரையா?" என்றார்கள். இது தினசரி வலிப்பு மருந்து, மயக்க மருந்து இல்லை என்று டாக்டர் எழுதிய கடிதம்தான் காப்பாற்றியது. மாத்திரையை அட்டையோடு, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

புரோமைடு சாப்பிடும் நாய்க்கு உப்பு ஒரே அளவில் இருக்க வேண்டும். உப்பு கூடினால் மருந்து சிறுநீரில் போய்விடும், வலிப்பு வரும். மொட்டை மாடியில் காய்ந்த உப்புக்கண்டத்தை வைரவன் ஒரு கொத்து தின்ற வாரத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். பயண மாதத்தில் உறவுக்காரர்கள் தட்டில் எதைப் போடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

சென்னை

சுமார் 400 கிலோமீட்டர், இரவில் காரில் கிளம்புங்கள். வெயிலில் வேண்டாம். பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் நாயைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான உடல்நலச் சான்றிதழ் கையெழுத்தான பத்து நாளுக்குள் ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட வேண்டும், அதனால் ரொம்ப முன்னால் போகாதீர்கள். நாயும் நீங்களும் தனித்தனியாகப் போனால் இடைவெளி ஐந்து நாளைத் தாண்டக் கூடாது.

பின்சேர்க்கை

தேவகோட்டையிலிருந்து ஒருவர் சிங்கப்பூருக்கு இதே வழிதானா என்று கேட்டார். இல்லை. சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை அங்கேயும் உண்டு, ஆனால் இந்தியாவிலிருந்து போகும் நாய் குறைந்தது 30 நாள் தனிமை நிலையத்தில் இருக்க வேண்டும். அங்கே மாத்திரை கொடுக்கப்போவது நீங்கள் இல்லை. இடம் பதிவு செய்யும்போதே மருந்துப் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசியாக வலிப்பு வந்த தேதியையும் சேருங்கள். நான் போன எல்லா இடத்திலும் முதலில் கேட்டது அதைத்தான்.