மன உளைச்சலுக்கு அமுக்கரா (அசுவகந்தா): நான் எடுத்த முறை

நாட்டு மருந்துக்கடையில் பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கினேன். பொடியில் இலையும் கலந்திருக்கலாம், மருந்துக்கு வேராகிய கிழங்குதான். துணியில் கட்டிப் பால் ஆவியில் அவித்து, நன்றாகக் காயவைத்து, இடித்துச் சலித்தேன். ஈரம் மிச்சமிருந்தால் பூசணம் பிடிக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெதுவெதுப்பான பாலில் 3 கிராம். வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டும். முதல் வாரம் 1 கிராம் போதும். முதலில் சீரானது தூக்கம். மனம் இலேசாக 6 வாரம் பிடித்தது. 8 வாரத்தில் நிறுத்தினேன்.

கர்ப்பிணிகளும் கல்லீரல் நோயுள்ளவர்களும் தொடவே கூடாது. தைராய்டு, சர்க்கரை, தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள், தயவுசெய்து. கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.